ஆமென்னு சொல்லி ஒரு ஊது

எங்க மாமியார் லேயாளுக்கு சபையில நினைவு ஆராதனை வெச்சாங்க. போதகர் எழுந்து நின்னு, "அம்மையார் ஆம்பூர் தெருக்களில் வேத வசனத்தைத் தேனாகப் பொழிந்தவர்"னு ஆரம்பிச்சாரு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. முந்தானையை எடுத்து வாயில அமுக்கிக்கிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைங்க நான் தேம்பி அழறேன்னு நினைச்சு முதுகைத் தடவிக் குடுத்தாங்க.

தேனாம், பொழிஞ்சாங்களாம்! அந்தம்மாவுக்கு ஒரு வசனம் முழுசா வந்ததில்ல. பாதி சொல்லுவாங்க, அப்புறம் கூரையைப் பாப்பாங்க, அப்புறம் "இந்த மாதிரி ஆண்டவர் நல்லதா நிறைய சொல்லி இருக்காரு"ன்னு முடிச்சிடுவாங்க. நான் அவங்க மருமக பூவம்மாள். காவேரிப்பாக்கத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்து, ஒரே அடுப்படியில அவங்களோட மல்லுக்கட்டினவ. எனக்குத் தெரியாததா போதகருக்குத் தெரிஞ்சிடப் போவுது? அவரு வந்தே ரெண்டு வருஷம் ஆவல. அதனால நான் சொல்றேன், கேளுங்க.

முதல்ல அவங்களுக்கு இன்னா வராதுன்னு சொல்லிட்டா பேஜார் இல்ல. கண்ணு செரியா தெரியாது. அவங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்த வெள்ளைக்கார பாதிரி, குழந்தை இடுக்கி இடுக்கி முழிக்கிறதைப் பாத்துட்டு, வேதத்துல வர்ற கண்ணு மங்கின பொம்பளை பேரா பாத்து வெச்சுட்டுப் போய்ட்டாராம். எங்க ஜனம் ஏதோ பெரிய பட்டம் குடுத்துட்டாங்கன்னு சந்தோஷமா வாங்கிக்கிச்சு. பாட்டு வராது. அவங்க வாயைத் தெறந்தா ஆர்மோனியக்காரர் வாசிக்கிறதை நிறுத்திட்டு எங்கேயோ மாடு கத்துதுன்னு ஜன்னல் பக்கம் பாப்பாரு. லேஸ் பின்ன வராது. ஊசியில நூல் கோக்கறதுக்கே தெருவுல போறவங்களைக் கூப்புடணும்.

ஆனா ஊழியம் செய்யணும்னு ஒரு வெறி. பாலாத்துல பெருவெள்ளம் வந்துச்சே, அதுக்குப் பின்னாடியே வாந்திபேதி வந்து அவங்க புள்ளைங்களை வாரிக்கிட்டுப் போச்சு. மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு, என் வூட்டுக்காரரு. "இவனை எனக்கு வுட்டுட்டியே, நான் உனக்கு இன்னா செய்யட்டும்"னு அன்னிக்கு ஆண்டவரைக் கேட்டாங்களாம். ஆண்டவர் ஒண்ணும் சொல்லல போல. அதனால இவங்களா போய் மிஷன் காம்பவுண்டுல நின்னுட்டாங்க.

அப்போ மிஷன்ல ஒரு கஷ்டம். சாயபுமாருங்க வூட்டுப் பொம்பளைங்க கோஷா, வெளிய வர மாட்டாங்க. ஆம்பளை உபதேசியாரு உள்ள போக முடியாது. அந்த வூடுங்களுக்குப் போய் வேதம் சொல்ல ஒரு பொம்பளை வேணும். படிச்ச பொம்பளைங்க நாலு பேர் இருந்தாங்க, நல்லா பாடுவாங்க, நல்லா பின்னுவாங்க. தோல் மண்டித் தெருவுன்னதும் எல்லாருக்கும் தலைவலி வந்துடுச்சு. பச்சைத் தோலு வண்டி வண்டியா வந்து எறங்குற தெரு அது. மூக்கைப் பொத்தாம நடக்க முடியாது. எங்க மாமியார் மட்டும், "எனக்கு அது சோத்து வாசனைங்க"ன்னாங்க. எங்க மாமனார் தோலு பதம் பண்ற டேனரியில சுண்ணாம்புக் குழியில நின்னு சம்பாரிச்சவரு. அவரு வூட்டுக்குள்ள நொழையும்போது வர்ற வாசனைதான அது! வேற ஆள் கெடைக்காம இவங்களையே போட்டாங்க.

அவங்க போன முதல் வூடு தோல் வியாபாரி ஜியாவுல்லா சாயபு வூடு. அவரு பொண்டாட்டி முனவ்வர் பேகம், நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கட்டில்ல உக்காந்த எடத்துலேர்ந்தே வூடு முழுக்க ஆட்சி பண்ணுவாங்க. எங்க மாமியார் புஸ்தகத்தைத் தெறந்து மூக்குல ஒட்டிக்கிட்டு படிக்க ஆரம்பிச்சாங்க. எழுத்து ஓடுது, வரி தவறுது, படிச்சதையே திரும்பப் படிக்கிறாங்க. பேகம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "அரே லேயாம்மா, அது பேசாம இருக்கட்டும். நீ டீ குடி"ன்னாங்களாம். இவங்களும் குடிச்சிட்டு வந்துட்டாங்க. அந்த வூட்டுல அவங்க ஊழியம் வருஷக்கணக்கா அந்த லட்சணத்துலதான் நடந்துச்சு.

ஒரு நாளு பேகம்மா தங்கச்சி மவ ஒருத்தி கைப்புள்ளையோட வந்திருந்தா. புள்ளைக்குக் காச்சல். பேகம்மா எங்க மாமியாரைப் பாத்து, "உங்க சாமிகிட்ட ஒரு துவா கேளேன்"னாங்க. இவங்க கண்ணை மூடி, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஜெபத்தைச் சொன்னாங்க: "ஆண்டவரே, இந்தப் புள்ளையைப் பாரும். நீர் பாத்தா போதும். ஆமென்."

கண்ணைத் தெறந்தா, எல்லாரும் இவங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. புள்ளையைக் கையில ஏந்திக்கிட்டு தாய்க்காரி இன்னும் நீட்டிக்கிட்டே நிக்கிறா.

"ஊது," அப்படின்னாங்க பேகம்மா.

"இன்னாத்தை ஊதறது பேகம்மா?"

"துவா கேட்டா ஊதணும்ல? ஊதலைன்னா அது எப்படி புள்ள மேல போவும்? உன் வாயிலேயே நிக்கும்."

நம்ம ஊருல இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சாயங்காலம் தொழுகை வுடற நேரம் பள்ளிவாசல் வாசல்ல எந்த சாதிப் பொம்பளையா இருந்தாலும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வரிசையா நிப்பாங்க. தொழுதுட்டு வர்றவங்க ஓதி, புள்ள மூஞ்சியில ஊதிட்டுப் போவாங்க. பேகம்மாவுக்கு ஊதாத துவா, உப்புப் போடாத சோறு. எங்க மாமியார் யோசிச்சாங்களாம். யோசிச்சு, சூடா இருக்குற கஞ்சியை ஊதுற மாதிரி மெதுவா ஒரு ஊது ஊதினாங்க. புள்ள மூக்கைச் சுளிச்சு ஒரு தும்மல் போட்டுச்சு. வூடே சிரிச்சுது. மறுநாளு காச்சல் எறங்கிடுச்சு. காச்சல் எறங்குறதுக்குத்தான வருது!

அதோட ஆரம்பிச்சுது கூத்து. அந்தத் தெருவுல எந்தப் புள்ளைக்குப் பல்லு மொளைச்சாலும், எந்தப் புள்ள பயந்து அலறினாலும் "லேயாம்மாவைக் கூப்புடு, ஊதட்டும்"னு ஆயிடுச்சு. கொடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இவங்க வூடு வூடா போய் ஊதுனாங்க. வேதம் கேக்க ஒருத்தரும் இல்ல, ஊதச் சொல்லிக் கேக்கத் தெருவே இருந்துச்சு.

நான் சும்மா வுடுவேனா? "இன்னா அத்தே, அடுத்த வாரத்துலேர்ந்து தாயத்து கட்டுவீங்களா, மயில் தோகை வாங்கியாறவா?"ன்னு வம்பு பண்ணேன்.

"போடி," அப்படின்னாங்க. "எனக்கு ஜெபம் ரெண்டு வரிதான் வருது. மீதிக்கு மூச்சு வுடறேன். சுகம் குடுக்கறது ஆண்டவர் வேலை, ஊதறது என் வேலை. அவரு வேலையில நான் கைவைக்கல."

இது எப்படி வெளிய வந்துச்சுன்னு கேளுங்க. எங்க சபையில ஞானாபரணம்னு ஒரு உபதேசியாரு. கஞ்சி போட்ட அங்கவஸ்திரம், சுருக்கு வுழாத மூஞ்சி. அவரு கடைத்தெருவுல போய்க்கிட்டு இருந்தப்ப, டேனரி வேலைக்காரன் ஒருத்தன் ஓடியாந்து புள்ளையை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டான். "சார், ஒரு ஊது ஊதுங்க சார்."

"என்னப்பா ஊதுவது?"

"உங்க சபையம்மா ஊதறாங்களே சார், காச்சல் நிக்குது. நீங்க அவங்களுக்கு மேலாளு, உங்களுக்கு ஜாஸ்தியா நிக்கும்ல?"

உபதேசியாரு அங்கவஸ்திரத்தைப் புடிச்சிக்கிட்டு மிஷன் காம்பவுண்டு வரைக்கும் ஓட்டமா ஓடினாருன்னு ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. ஆனா அவரு ஓடின ஓட்டம் எங்க வூட்டுக்குத்தான் வந்து முடிஞ்சுது. மறுநாளே மிஸ்ஸம்மா கூப்புட்டாங்க.

மிஸ்ஸம்மான்னா பொம்பளைங்க ஊழியத்துக்கெல்லாம் மேல இருந்த வெள்ளைக்காரம்மா. கெட்டவங்க இல்ல. சொந்த ஊரு, சொந்த பந்தம் எல்லாத்தையும் வுட்டுட்டு நம்ம வெயில்ல வந்து வெந்துக்கிட்டு இருந்தாங்க. ஆனா தமிழை அவங்க படிச்சது பூராவும் வேதத்துலேர்ந்து. கீரைக்காரிகிட்ட பேசினாலும் தீர்க்கதரிசி பேசுற மாதிரியே இருக்கும். கண்ணு தெரியாத மாமியாரைக் கையைப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போற சாக்குல நானும் போய் ஓரமா நின்னேன்.

"லேயாளே, நீர் பிள்ளைகள்மேல் ஊதுகிறது மெய்தானோ?"

"மெய்தான் மிஸ்ஸம்மா."

"ஏன் ஊதுகிறீர்?"

"கேக்கறாங்க மிஸ்ஸம்மா."

ஞானாபரணம் குறுக்க வுழுந்தாரு. "இது மாந்திரீகம். நம்முடைய சபைக்கே அவமானம்."

மிஸ்ஸம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாங்க. "ஊதுவதினாலே சுகம் உண்டாகும் என்று விசுவாசிக்கிறீரோ?"

"இல்ல மிஸ்ஸம்மா. சுகம் ஆண்டவர் கையில."

"அப்படியானால் ஏன் ஊதவேண்டும்?"

எனக்கு வாய் துறுதுறுன்னுச்சு. உங்க ஊருல புள்ள வுழுந்து முட்டியைத் தேச்சுக்கிட்டு வந்தா ஊத மாட்டீங்களா, அதுவும் மாந்திரீகமான்னு கேட்டுடலாம்னு வாயைத் தெறந்தேன். அத்தை என் காலை நச்சுன்னு மிதிச்சாங்க. அது மட்டும் எப்படி கண்ணு தெரிஞ்சுதோ!

கடைசியில மிஸ்ஸம்மா தீர்ப்பு சொன்னாங்க. இனி ஊத மாட்டேன்னு வாக்குக் குடுத்தா ஊழியத்துல இருக்கலாம், இல்லைன்னா நின்னுக்கலாம். எங்க மாமியார் தலையைக் குனிஞ்சு, "ஊத மாட்டேன்"னாங்க.

வர்ற வழியெல்லாம் நான் கத்திக்கிட்டே வந்தேன். "எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? போங்கடான்னு வர வேண்டியதுதான?"

"வேலை போய்ட்டா அந்த வூட்டுக்குள்ள என்னை யாருடி வுடுவாங்க? மிஷன் அம்மான்னுதான் கதவைத் தெறக்கறாங்க. இல்லைன்னா நான் யாரு? அவங்களுக்குச் சொந்தக்காரியா, சாதிக்காரியா? அந்தக் கதவு மூடிட்டா ஆண்டவருக்கு நான் செய்யறதுக்கு வேற இன்னா இருக்குது?"

அடுத்த திங்கக்கெழமை காலையில, "பூவு, நல்ல பொடவையா கட்டு, கெளம்பு"ன்னாங்க.

"எங்க?"

"பேகம்மா வூட்டுக்கு. நான் ஜெபம் பண்றேன், நீ ஊது."

நான் மூக்கு மேல விரலை வெச்சுட்டேன். "அத்தே, இது நியாயமா?"

"வாக்குக் குடுத்தது நான். உன் வாயை யாருடி கட்டினாங்க? அதைக் கட்ட முடியாதுன்னு மிஸ்ஸம்மாவுக்கே தெரியும்."

பக்திக்கும் எனக்கும் அவ்வளவு தூரம். ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துல பாதிக்கு மேல நான் முழிச்சிருந்தது கெடையாது. என்னைப் போய் பரிசுத்தமா ஊதுன்னா? ஆனாலும் போனேன். மாமியாரு கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாங்க, ஆமென்னு சொல்லி என்னை இடிப்பாங்க, நான் ஊதுவேன். முதல் நாளு ஊதினதும் பேகம்மா மூக்கைப் புடிச்சிக்கிட்டாங்க. "யா அல்லா! இந்தப் பொண்ணு கருவாடு தின்னுட்டு வந்து துவா ஊதுதே!" அப்புறம் கதையைக் கேட்டுட்டு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க. "மூச்சு வுடறதுக்குக் கூடவா உங்க சபையில ஆர்டர் வாங்கணும்?"

இதுல சிரிக்காத ஆளு ஒருத்தி இருந்தா. பேகம்மாவோட மருமக சைரா. பேரணாம்பட்டுப் பொண்ணு, தாய் இல்லாதவ. முதல் ரெண்டு புள்ளைங்களும் பொறந்து தங்கல. மூணாவது வயித்துல இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு எங்க மாமியார்னா உசுரு. வேலையெல்லாம் முடிச்சிட்டு இவங்க பக்கத்துல ஒட்டி உக்காந்துக்குவா. இவங்க ஊசியில அவதான் நூல் கோத்துக் குடுப்பா. ரெண்டும் பெரிசா ஒண்ணும் பேசிக்காது. போகும்போது இவங்க அவ வயித்தைத் தொட்டு ஜெபம் பண்ணி உச்சந்தலையில ஊதிட்டு வருவாங்க. வாக்குக் குடுத்ததுக்கு அப்புறம் அதையும் நான்தான் ஊதினேன். அந்தப் பொண்ணு தலையைக் காட்டுவா, ஆனா கண்ணு மாமியாரையே பாத்துக்கிட்டு இருக்கும்.

புள்ள நல்லபடியா பொறந்துச்சு, பையன். தாய்க்குத்தான் பிள்ளைப்பேத்துக்கு அப்புறம் ஜுரம் கண்டுடுச்சு. வேலூர்லேர்ந்து லேடி டாக்டர் வந்து பாத்தாங்க, மருந்து குடுத்தாங்க, வாசல்ல வந்து தலையை ஆட்டிட்டுப் போனாங்க. நாங்க போனப்ப சைரா சுருண்டு படுத்திருந்தா. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. மாமியார் குரலைக் கேட்டதும் கண்ணைத் தெறந்தா.

ஜெபம் முடிஞ்சுது. மாமியார் என்னை இடிச்சாங்க. நான் குனிஞ்சேன்.

"பூவக்கா நக்கோ," அப்படின்னா சைரா. வேணாம்னு அர்த்தம். "நீங்க ஊதுங்கம்மா."

மாமியாரு உதடு குவிஞ்சுது. நான் பாத்தேன். குவிஞ்சு, அப்படியே நின்னு, பிரிஞ்சிடுச்சு. "வாக்குக் குடுத்துட்டேன் கண்ணு. பூவு ஊதுவா. எல்லாம் ஒண்ணுதான்."

அந்தப் பொண்ணு கோச்சுக்கல. "செரிம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு கண்ணை மூடிக்கிட்டா. நான் ஊதினேன். அவ்வளவு கேவலமா நான் என்னிக்குமே ஊதினதில்ல. மறுநாளு மத்தியானம் சைரா போய்ட்டா.

எங்க மாமியார் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து அப்படியே பெசைஞ்சிக்கிட்டு இருந்தாங்க. "அத்தே, நீங்க ஊதியிருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டா"ன்னு நான் சமாதானம் சொன்னேன்.

"பொழச்சிருக்க மாட்டா. தெரியும்டி. ஆனா கேட்டா. சாகப் போறவ ஒரு மூச்சு கேட்டா. அவளுக்கு இல்லைன்னு நான் வெச்சிக்கிட்டேன். அதை வெச்சிக்கிட்டு நான் இன்னா செய்யப் போறேன்?" சொல்லிட்டு சின்னப் புள்ள மாதிரி ஓன்னு அழுதாங்க. எனக்கு எல்லார் மேலயும் கோவம் வந்துச்சு. ஞானாபரணம் மேல, மிஸ்ஸம்மா மேல, வாக்குக் குடுத்த மாமியார் மேல. உண்மையைச் சொன்னா ஆண்டவர் மேலயும்தான்.

அதோட அந்தத் தெருவுக்குப் போறதை நிறுத்திட்டாங்க. கேட்டா, எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போறதுன்னாங்க. பேகம்மா ஆள் மேல ஆள் அனுப்பினாங்க. இவங்க உடம்பு செரியில்லன்னு சொல்லி அனுப்பினாங்க. மிஸ்ஸம்மா இவங்க கீழ்ப்படிதலை மெச்சி ஒரு படம் போட்ட அட்டை குடுத்தாங்க. மாமியார் அதை அரிசிப் பானைக்கு மூடியா வெச்சிட்டாங்க.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கெழமை. கோயில் நெறைஞ்ச கூட்டம். மிஸ்ஸம்மா முன் பெஞ்சுல, நாங்க பொம்பளைங்க எல்லாம் பாயில. ஞானாபரணம் பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருந்தாரு, நான் வழக்கம்போல தூங்கிக்கிட்டு இருந்தேன். வெளிய மாட்டு மணிச் சத்தம் கேட்டுச்சு. நாலு பக்கமும் திரை தொங்குற கூண்டு வண்டி ஒண்ணு கோயில் வாசப்படிக்கே வந்து நின்னுச்சு. உள்ளேர்ந்து ஒரு குரல்:

"லேயாம்மா!"

எனக்குத் தூக்கம் பறந்துடுச்சு. அந்தக் குரலை எங்க கேட்டாலும் தெரியும். சொந்தத் தெருவையே வெயில்ல பாத்தறியாத முனவ்வர் பேகம், மெயின் ரோட்டைத் தாண்டி கிறிஸ்தவங்க கோயில் வாசலுக்கு வந்துட்டாங்க!

உபதேசியாரு வாசலுக்கு ஓடினாரு. "அம்மா, ஆராதனை நடக்கிறது."

"நடக்கட்டும். நான் நிறுத்த வரல," அப்படின்னுச்சு திரை. "லேயாம்மா, சைரா புள்ளைக்கு நெருப்பா கொதிக்குது. டாக்டரம்மா மருந்து குடுத்தாச்சு. நீ வூட்டுக்கு வர மாட்டேங்கற. அதான் வூட்டையே தூக்கிக்கிட்டு வந்தேன். எத்தினி வருஷமா உங்க வேதம் எங்க வூட்டுக்கு வருது! சத்தியமா சொல்றேன், ஒரு வார்த்தை எங்களுக்குப் புரிஞ்சதில்ல. நீ ஊதினது ஒண்ணுதான் புரிஞ்சுது. அதையும் நிறுத்திட்டா நாங்க இன்னாத்தைக் கேக்கறது?"

எங்க மாமியார் கையை ஊனி எழுந்தாங்க.

மிஸ்ஸம்மாவும் எழுந்துட்டாங்க. "லேயாளே, உமது வாக்கை நினையும்."

"நினைப்பு இருக்குது மிஸ்ஸம்மா. அது பொய்யா போச்சு. மன்னிச்சுக்கோங்க," அப்படின்னுட்டு, பாயில இருந்தவங்க காலையெல்லாம் மிதிச்சிக்கிட்டு வாசலுக்கு நடந்தாங்க. கண்ணு தெரியாத ஆளாச்சேன்னு நான் பின்னாடியே ஓடினேன். என் கையை வேணாம்னு தள்ளிட்டாங்க.

திரை ஒரு சாண் வெலகுச்சு. புள்ளையைப் புடிச்ச ரெண்டு கையி மட்டும் வெளிய வந்துச்சு. மாமியார் புள்ளையை வாங்கி மார்ல அணைச்சிக்கிட்டு, கோயில் பூராவும் கேக்குற மாதிரி ஜெபம் பண்ணாங்க. "ஆண்டவரே, இந்தப் புள்ளையைப் பாரும். இவன் தாயை நான் செரியா பாக்கல, நீர் பாத்துக்கும். இவனையும் பாரும். நீர் பாத்தா போதும். ஆமென்."

பழக்க தோஷம், கோயிலுக்குள்ள இருந்த அத்தினி பேரும் "ஆமென்"னுட்டாங்க. உபதேசியாரும்தான். திரைக்குள்ளேர்ந்து "ஆமீன்"னு வந்துச்சு. மாமியார் குனிஞ்சு புள்ள நெத்தியில ஊதினாங்க. அப்புறம் தலையை நிமித்தி, ஒருத்தரும் இல்லாத பக்கமா இன்னொரு ஊது ஊதினாங்க. மெதுவா, ரொம்ப நேரம். அது சைராவுக்கு. எனக்குத் தெரியும். கோயில் வாசல்னும் பாக்காம நான் அழுதேன்.

புள்ள பொழச்சிக்கிச்சு. மருந்தாலயா மூச்சாலயான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கு வேற வேலை இருக்குது. எங்க மாமியார் வேலை போச்சு. நெஜமாவே போச்சு, திருப்பிக் குடுக்கல. மிஸ்ஸம்மா கண்ணைத் தொடைச்சிக்கிட்டேதான் எடுத்தாங்க, ஆனா எடுத்தாங்க. குடுத்த பையையும் பாடப் புஸ்தகத்தையும் ஞானாபரணமே வந்து வாங்கிக்கிட்டுப் போனாரு.

அவரு முதுகு மறையற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னுட்டு, "அப்பாடா! இனிமே வசனம் மனப்பாடம் பண்ண வேணாம்டி"ன்னாங்க மாமியார். சொல்லிட்டு சிரிச்சாங்க. ஆனா ராத்திரிச் சோறு எறங்கல. மிஷன் பேரு இல்லாம அந்தக் கதவு தெறக்குமான்னு பயம். திங்கக்கெழமை காலையில கொடையை எடுக்கறாங்க, வெக்கறாங்க, எடுக்கறாங்க. கடைசியில நான்தான் கையைப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனேன்.

பேகம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க, மடியில பேரன். மாமியார் வாசப்படியிலேயே நின்னுட்டாங்க.

பேகம்மா மேலயும் கீழயும் பாத்தாங்க. "எங்க உன் புஸ்தகம்?"

"புடுங்கிக்கிட்டாங்க பேகம்மா. நான் இப்ப மிஷன் அம்மா இல்ல. ஒண்ணும் இல்ல."

"அல்லா காப்பாத்தினான்," அப்படின்னாங்க பேகம்மா. "உள்ள வா, புள்ளையைப் புடி. எனக்குக் கையி வலிக்குது."